எத்தனை அடி ஆழத்தில்?

ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கச் செல்லும் உழவர், 'மணிக்கு எத்தனை லிட்டர் இறைக்கும்?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. 'எத்தனை அடியிலிருந்து?' என்பதே அவருடைய முதற்கேள்வி. கோயம்புத்தூரிலும் ராஜ்கோட்டிலும் உருவாகும் மோட்டார்களின் பெயர்த்தகட்டில் நீரேற்றும் உயரமும், அவ்வுயரத்தில் கிடைக்கும் நீரின் அளவும் அருகருகே பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அந்த மோட்டார் விலைபோகாது.

இதே நாட்டில் மீன்தொட்டிக்குக் காற்றுப் பம்பு வாங்குவோர் நிலை வேறு. அட்டைப்பெட்டியின் மேல் 'நிமிடத்திற்கு 4 லிட்டர்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். எத்தனை ஆழத்தில் 4 லிட்டர் என்று அச்சிட்டவர் சொல்வதில்லை, விற்பவருக்குத் தெரிவதில்லை, வாங்குபவர் கேட்பதுமில்லை. கேட்க வேண்டும் என்பதும், பதில் பெட்டியின் மீதே இருக்க வேண்டும் என்பதும் நம் கருத்து.

வங்கியின் இதழில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கலாம். மும்பையிலும் பெங்களூரிலும் அடுக்ககங்களில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலரின் கூடங்களை இன்று அலங்கரிப்பது கண்ணாடித் தொட்டியே. தரைப்பரப்புக் குறைந்த வீடுகளில் தொட்டி அகலத்தில் வளராமல் உயரத்தில் வளர்கிறது. மறுபுறம், வண்ணமீன் வளர்ப்பைத் தொழிலாக மேற்கொண்டு நம் கிளைகளில் கடன் கேட்டு வருவோரும் உண்டு. 2020இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறக்கடையில் அமைக்கும் வண்ணமீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாயும், நடுத்தர அலகுக்கு 8 லட்சம் ரூபாயும் அலகுச் செலவாக வகுக்கப்பட்டன. அதில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம். இக்கடன் கோப்புகளில் இணைக்கப்படும் விலைப்புள்ளிகளைப் படிக்கும்போதுதான் ஒரு செய்தி நம் கண்ணில் படுகிறது. தொட்டியின் நீளம், அகலம், உயரம், கண்ணாடியின் தடிமன் என எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக எழுதப்பட்டிருக்கும். பம்பு மட்டும் 'ஏர் மோட்டார் – 1' என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும். தொட்டியில் உள்ள அத்தனை உயிர்களும் அந்த ஒற்றை வரியைத்தான் நம்பியிருக்கின்றன.

ஆழமான தொட்டியின் இயல்பை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டி ஒன்று. 60 நீளம், 45 அகலம், 90 உயரம் உள்ள தொட்டி மற்றொன்று. இரண்டும் கொள்ளும் நீர் சரியாக 243 லிட்டர். ஆனால் முதல் தொட்டியில் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர்ப்பரப்பு 5,400 சதுர சென்டிமீட்டர். இரண்டாவதில் 2,700 மட்டுமே. மீன்கள் சுவாசிக்கும் பிராணவாயுவில் பெரும்பகுதி இந்த மேற்பரப்பின் வழியாகத்தான் நீருக்குள் இறங்குகிறது. ஆகவே அதே அளவு நீர், அதே எண்ணிக்கை மீன், பாதி வாசல். நம் நாட்டின் வெப்பம் இதனோடு சேர்ந்துகொள்கிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்க வல்லது. 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. வெப்பம் கூடக்கூட மீனின் தேவை உயர்கிறது, நீரின் கொள்திறன் தாழ்கிறது.

காற்றுக்கல்லிலிருந்து எழும் குமிழிகள் மேலேறும்போதே பிராணவாயுவை நீரில் கரைத்துவிடுகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். ஓரளவு உண்மைதான். ஆயினும் சாதாரணக் குமிழி ஒன்று வினாடிக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் வேகத்தில் எழுகிறது. 90 சென்டிமீட்டர் நீரைக் கடக்க அதற்கு நான்கு வினாடி கூட ஆவதில்லை. குமிழியின் பெரும்பணி வேறு: அடிநீரைத் தன்னோடு மேலே இழுத்து வருவதும், மேற்பரப்பைக் கலைத்துக்கொண்டே இருப்பதும். ஆழமற்ற தொட்டியில் நீர் தானாகவே ஓரளவு புரளும். ஆழத் தொட்டியில் யாரேனும் தூக்கி வந்தால்தான் அடிநீர் மேலே வரும். மீன்களின் கழிவும் எஞ்சிய தீனியும் சேர்ந்து மக்கி, பிராணவாயுவைத் தின்பதும் அந்த அடித்தளத்தில்தான். காற்று மிகுதியாகத் தேவைப்படுவது ஆழத் தொட்டிக்கே.

பம்பு மிகக் குறைவாகக் காற்றுத் தருவதும் அதே தொட்டிக்குத்தான். முரண் இங்கேதான் இருக்கிறது.

நீருக்கடியில் காற்றைத் தள்ள வேண்டுமானால் மேலிருக்கும் நீரின் எடையைத் தாண்டித் தள்ள வேண்டும். பெட்டியின் பின்புறத்தில், பெரும்பாலும் பொடி எழுத்தில், 'அழுத்தம் 0.012 எம்பிஏ' என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். மெகாபாஸ்கல் என்னும் அழுத்த அலகின் சுருக்கம் அது. அந்த எண்ணை நூறால் பெருக்கினால் அது எத்தனை மீட்டர் நீரைத் தாங்கும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். 0.012 என்றால் 1.2 மீட்டர். சில பெட்டிகளில் பிஎஸ்ஐ என்ற அலகில் இருக்கும். ஒரு பிஎஸ்ஐ ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். '1.2 மீட்டர் வரை தள்ளும் என்றால் நம் 90 சென்டிமீட்டர் தொட்டிக்குப் போதுமே' என்று மகிழ்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எண், பம்பின் மூச்சு முற்றிலும் நின்றுபோகும் ஆழம். அங்கே ஒரு குமிழிகூட வராது. பெட்டியின் முன்புறத்தில் உள்ள 4 லிட்டரோ, குழாயும் கல்லும் இன்றி வெறும் வெளியில் வீசும்போது கிடைப்பது. ஒரு முனை நீரே இல்லாத நிலை, மறுமுனை காற்றே இல்லாத நிலை. நம் தொட்டி இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

எங்கே என்று கணக்கிடுவோம். 90 சென்டிமீட்டர் தொட்டியில் கல்லின் மேல் நிற்கும் நீர் 85 சென்டிமீட்டர் என்க. கல்லின் துளைகள், குழாய், நீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு ஆகியவை தரும் தடைக்கு மேலும் 15 சென்டிமீட்டர் சேர்ப்போம். ஆக 1 மீட்டர். காற்றின் அளவு ஆழத்தோடு சீராகக் குறைகிறது என்று கொண்டால் 1.2 மீட்டர் பம்பில் எஞ்சுவது ஆறில் ஒரு பங்கு. 4 லிட்டர் ஏறத்தாழ 0.7 லிட்டராகிவிடும். இதே பம்பை 45 சென்டிமீட்டர் தொட்டியில் இட்டால் 2 லிட்டருக்கு மேல் கிடைக்கும். பம்பு ஒன்று, விலை ஒன்று, மின்சாரம் ஒன்று. பயன் மட்டும் மூன்றில் ஒன்று. கல்லில் சிறிது பாசி படிந்து அதன் தடை இன்னும் 20 சென்டிமீட்டர் கூடினால் அந்த 0.7 லிட்டரும் நின்றுவிடும். பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓசை கேட்பதால் வீட்டார் ஐயுறமாட்டார்கள்.

எனவே நாம் பரிந்துரைக்கும் எளிய அளவுகோல் இது. கல்லின் மேல் நிற்கும் நீருயரத்தையும் கல்லின் தடையையும் கூட்டி, அதைப் போல இருமடங்கு தாங்கும் பம்பைத் தேர்க. மேற்கண்ட தொட்டிக்கு 2 மீட்டர், அதாவது 0.02 மெகாபாஸ்கல். அப்போது பெட்டியில் உள்ள அளவில் பாதியேனும் நீருக்குள் வந்து சேரும்.

கடன் வாங்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் குழப்பம் புதியதன்று. விளம்பரத்தில் ஒரு வட்டி விகிதம். செயலாக்கக் கட்டணம், காப்பீடு, பிற செலவுகள் சேர்ந்த பின் கையைக் கடிப்பது வேறொரு விகிதம். இதனைச் சீராக்கவே, சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் எல்லாச் செலவும் அடங்கிய ஆண்டு விகிதத்தை முதன்மை விவர அறிக்கையில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வகுத்தது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய கடன்களுக்கு அது கட்டாயம். அதனால் எங்கள் வேலை சற்றுக் கூடியது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆயினும் வாடிக்கையாளர் இரண்டு வங்கிகளின் தாள்களை அருகருகே வைத்து ஒப்பிட முடிகிறது. காற்றுப் பம்பின் பெட்டிக்கும் அத்தகைய அறிக்கை ஒன்று வேண்டும். பெரிய தாள் தேவையில்லை. 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களில் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்று மூன்று எண்கள் போதும்.

'அப்படிச் சோதித்து அச்சிட்டால் விலை ஏறும். நூறு, இருநூறு ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?' என்று வணிகர் கேட்கக்கூடும். குளங்களுக்கும் பண்ணைகளுக்கும் விற்கும் பெரிய காற்றுப் பம்புகளுக்கு அழுத்தத்தையும் காற்றளவையும் இணைத்துக் காட்டும் வரைபடத்தை உற்பத்தியாளர்கள் இன்றும் வெளியிடுகின்றனர். அதே சோதனையைச் சிறிய பம்புக்குச் செய்வது அரிய வித்தையன்று. பொருளின் தரம், அளவு, ஆற்றல் ஆகியவற்றை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு அளித்திருக்கிறது. அது விலையைப் பார்த்து உரிமையைக் கூட்டிக் குறைக்கவில்லை.

இனிக் கல்லைப் பற்றி. நுண்ணிய குமிழி அழகானது, பயனும் மிக்கது. ஒரே அளவு காற்றைப் பாதி விட்டமுள்ள குமிழிகளாகப் பிரித்தால் நீரைத் தொடும் பரப்பு இருமடங்காகிறது. சிறு குமிழி மெல்ல எழுவதால் நீரோடு உறவாடும் நேரமும் கூடுகிறது. இதனைக் கேள்விப்பட்டு, பால் போலக் குமிழி தரும் பீங்கான் தட்டுகளை நாடுவோர் பலர். அவற்றின் நுண்துளைகளைக் கடக்கத் தேவைப்படும் அழுத்தம், ரப்பர் சவ்வு அதிர்ந்து இயங்கும் வீட்டுப் பம்புகளின் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆழ நீரும் அழுத்தம் கேட்கும், நுண்கல்லும் அழுத்தம் கேட்கும். இருவருக்கும் கொடுக்கச் சிறிய பம்பிடம் இருப்பு இல்லை. ஆழத் தொட்டிக்கு நடுத்தரக் குமிழி தரும் அகன்ற கல்லே உகந்தது. பரப்பு அகன்றால் காற்று பல துளைகளில் பகிர்ந்து வெளியேறும், தடை குறையும்.

ஆழத்தில் இன்னொரு நடைமுறைத் தொல்லை உண்டு. 90 சென்டிமீட்டர் தொட்டியின் அடியைப் பெரும்பாலோரின் கை எட்டாது. கூழாங்கற்களுக்கு அடியில் புதைத்த கல் அடைத்துக்கொண்டால் அதை எடுக்கத் தொட்டியையே காலி செய்ய நேரிடும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை ஊற்றும் ஊர்களில் சுண்ணப் படிவு விரைவில் துளைகளை மூடிவிடும். ஆகவே கல்லை விறைப்பான பிளாஸ்டிக் குழாயின் முனையில் பொருத்தி, மேலிருந்தே தூக்கி எடுக்கும்படி நிறுத்துவது நலம். வினிகரில் ஊறவைத்து, நன்கு கழுவி மீண்டும் இறக்கலாம். கல் மலிவானது, அதைத் தேய்பொருளாகவே கருதி இரண்டு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்க. அடைபட்ட கல்லோடு போராடும் பம்பு சூடேறி, அதன் சவ்வு கிழிகிறது. பத்து ரூபாய்க் கல்லை மாற்ற மறந்து பம்பை இழப்பது நல்ல கணக்கன்று.

ஒரே பம்பிலிருந்து பல கிளைகள் எடுப்போர் மிகுந்த விழிப்போடிருக்க வேண்டும். காற்று எளிய வழியையே நாடும். கடன் பெற்ற அலகு ஒன்றைப் பார்வையிடச் சென்றபோது நாம் கண்டது: வரிசையாக ஆழமற்ற சிமெண்ட் தொட்டிகள், அவற்றில் காற்று கொதிப்பது போலப் பொங்கியது. பார்வையாளர்களைக் கவர்வதற்கென்று முகப்பில் புதிதாக வைத்த உயரமான கண்ணாடித் தொட்டியில் மட்டும் இரண்டொரு குமிழி சோம்பலாக எழுந்தது. ஏஞ்சல் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பம்பில் பழுதில்லை. சிமெண்ட் தொட்டிகளின் குழாய்களில் வால்வு இல்லாததால் காற்று முழுவதும் அங்கேயே சென்றுவிட்டது. அந்தக் கிளைகளை வால்வு வைத்துச் சற்றே அடைத்ததும் முகப்புத் தொட்டி உயிர்பெற்றது. அதன் பின்னர் உரிமையாளரான அம்மையார் உயரத் தொட்டிக்கெனத் தனிப் பம்பு வைத்துக்கொண்டார். அதுவே சரி.

அச்சத்தில் அளவுக்கு மீறிப் பெரிய பம்பை வாங்குவதையும் நாம் ஆதரிக்கவில்லை. காற்றுப் பம்பு இரவும் பகலும் ஓடுவது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். 5 வாட் பம்பு ஆண்டில் ஏறத்தாழ 44 யூனிட் மின்சாரம் கொள்ளும். 35 வாட் பம்பு 307 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றால் ஒன்றுக்கு ஆண்டுச் செலவு சுமார் 310 ரூபாய், மற்றொன்றுக்கு 2,150 ரூபாய். கடையில் கொடுக்கும் விலை ஒருமுறை, இது ஆண்டுதோறும். மிகுந்த காற்றால் கலங்கிச் சுழலும் நீரில் மீன்கள் களைத்துப் போவதும் உண்டு. கூடுதல் காற்றை வால்வால் இறுக்கி அடைப்பதும் சவ்வுக்குக் கேடு; அதைத் தனிக்கிளை வழியே வெளியே விட்டுவிடலாம். வாங்கும்போதே மாற்றுச் சவ்வு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வதும் நன்று. பேட்டா, குராமி போன்று வெளிக்காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்புடைய மீன்களுக்கு வலிய காற்றோட்டம் தேவையே இல்லை.

ஆழத் தொட்டிக்கு ஏற்ற பம்பு கிடைக்காவிடில் கல்லைப் பாதி ஆழத்தில் தொங்கவிடுவது இழுக்கன்று. மேற்பரப்பு கலையும் பயன் அப்போதும் கிடைக்கும். அடிநீரை மேலெழுப்ப, நீருக்குள் மூழ்கி இயங்கும் சிறு நீர்ப்பம்பை அடியில் மேல்நோக்கி வைக்கலாம். காற்றுப் பம்பால் அரைகுறையாகச் செய்வதை அது செவ்வனே செய்யும்.

மின்தடை நேரும்போது இரண்டு இடர்கள் வருகின்றன. பம்பு நின்றதும் நீர் குழாய் வழியே பின்னோக்கி ஏறி, தொட்டிக்குக் கீழே வைத்த பம்புக்குள் இறங்கும். நீர் திரும்பாத வால்வைக் குழாயில் பொருத்துவதோ, பம்பை நீர்மட்டத்திற்கு மேல் வைப்பதோ இதைத் தடுக்கும். இரண்டாவது இடர் இரவில் வருகிறது. நீர்த்தாவரங்களும் இருளில் பிராணவாயுவை உட்கொள்வதால் விடியலுக்குச் சற்று முன்னரே அதன் அளவு மிகத் தாழ்ந்திருக்கும். மின்சாரம் போவதும் நாம் உறங்குவதும் அதே வேளையில். யூஎஸ்பி இணைப்பில் இயங்கும் சிறு பம்புகள் அவசரத்திற்கு உதவும். ஆனால் அவற்றின் அழுத்தம் குறைவு. ஆழத் தொட்டியின் அடிக்கு அவற்றின் காற்று போகாது. அவற்றின் கல்லை ஓரடி ஆழத்திலேயே தொங்கவிட வேண்டும். தொழில் அலகு நடத்துவோர் பேட்டரியில் இயங்கும் மாற்றுப் பம்பைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேட்கலாம். அதைத் தேவையற்ற செலவு என்று எந்தக் கிளை மேலாளரும் அடித்துவிடமாட்டார், அடிக்கவும் கூடாது.

பெட்டியில் மூன்று எண்கள் அச்சாகும் காலம் வரும்வரை வாங்குபவரே சோதித்துக்கொள்ள வழியுண்டு. கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையானாலும் சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளானாலும், நீர் நிரப்பி வைத்த 200 லிட்டர் நீலப் பீப்பாய் ஒன்றை அருகில் எங்கேனும் காணலாம். அதன் உயரம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். பம்பில் குழாயையும் கல்லையும் மாட்டி அதன் அடிவரை இறக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை நீரால் நிரப்பி, வாய் கீழிருக்கக் குமிழிகளின் மேல் பிடியுங்கள். புட்டியிலுள்ள நீர் முழுவதும் வெளியேறிக் காற்று நிரம்ப எத்தனை வினாடி ஆயிற்று என்று பார்த்து, 60ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்பது தெரிந்துவிடும். 30 வினாடியில் நிரம்பினால் 2 லிட்டர். ஒன்றரை நிமிடம் ஆகியும் நிரம்பவில்லையென்றால் அந்தப் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.